ஒளிக்காட்சிக்கு ஒயர் இழுப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டின் தாளத்துக்கு ஏற்ப ஒரு வீடே ஒளிர்வதை நேரில் பார்த்துவிட்டால் அந்த ஆசை எளிதில் அடங்காது. ஆயிரக்கணக்கில் பிக்சல் விளக்குகளை, அதாவது ஒவ்வொன்றின் நிறத்தையும் தனியே மாற்றக்கூடிய சிறு எல்.இ.டி.களை வாங்கி, காட்சியை அமைக்கும் எக்ஸ்லைட்ஸ் மென்பொருளின் முன் இரவிரவாக உட்கார்ந்து ஒவ்வொரு தட்டுக்கும் நிறம் அமைக்கிறார்கள். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஒயரைக் கையில் எடுக்கிறார்கள். முதல் நாளே கூரையின் கடைக்கோடி மஞ்சளாகிறது, சன்னல் சட்டம் கண்டபடி மின்னுகிறது, பழி விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் கன்ட்ரோலர் மீது விழுகிறது. நான் பார்த்தவரை கன்ட்ரோலர் பழுதாக இருந்தது மிக அரிது. முதலில் மின்சாரம், அடுத்து ஒயர், பிறகு சிக்னல், கடைசியில் பாட்டு என்ற வரிசை தலைகீழானதால்தான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன.

“5 வோல்ட்தானே” என்ற நினைப்பு

5 வோல்ட் பிக்சல் ஒன்றில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு ஒளியில் எரிந்தால் ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். நூறு பிக்சலுக்கு 6 ஆம்பியர், ஆயிரத்துக்கு 60 ஆம்பியர். 5 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் ஒயரைச் சூடாக்குவது ஆம்பியர். 60 ஆம்பியர் தரக்கூடிய பவர் சப்ளையில் மெல்லிய ஒயர் ஒன்று ஷார்ட் ஆனால், சப்ளை அதை வழக்கமான லோடு என்றே எடுத்துக்கொண்டு மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கலாம். அதற்குள் ஒயரின் உறை உருகிவிடும்.

அதனால் சப்ளையிலிருந்து பிரியும் ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. எனவே ஒயர் எவ்வளவு தாங்கும் என்பதை வைத்தே அதன் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸைச் செருகுவது தீயோடு விளையாடுவது. கிளையில் பிக்சல்களைக் குறையுங்கள், அல்லது தடித்த ஒயர் போட்டு அதற்கேற்ற ஃபியூஸ் வையுங்கள்.

பவர் சப்ளையையும் அதன் முழுத் திறனுக்கு ஓட்டக் கூடாது. மூடிய பெட்டிக்குள் சூட்டில் வேலை செய்யும் கருவி அது. 350 வாட் என்று எழுதியிருந்தால் 280 வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சில சப்ளைகளின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது உங்கள் மின் இணைப்புக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று பிளக்கைச் செருகும் முன்பே பாருங்கள். 230 வோல்ட் இணைப்பில் அது 115 பக்கம் இருந்தால் சப்ளை அந்த நொடியே போய்விடும்.

ஒயரிலேயே தொலையும் வோல்ட்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.75 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.024 ஓம். பவர் சப்ளைக்கும் விளக்குக்கும் 5 மீட்டர் தூரம் என்றால், மின்சாரம் போய்த் திரும்புவது 10 மீட்டர், அதாவது 0.24 ஓம். அதில் 6 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.4 வோல்ட் காணாமல் போகிறது. 5 வோல்ட்டில் புறப்பட்டது 3.6 ஆகத்தான் முதல் பிக்சலை எட்டும். கடைசி பிக்சலின் நிலை இன்னும் மோசம்.

சிவப்பு எல்.இ.டி. எரிய 2 வோல்ட் அளவு போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும். வோல்ட் குறையும்போது நீலமும் பச்சையும் முதலில் மங்குவது இதனால்தான். வெள்ளை நிறம் சரத்தின் இறுதிக்குப் போகப் போக மஞ்சளாகி, பிறகு சிவப்பேறினால் மென்பொருளில் நிறத்தைத் திருத்த உட்காராதீர்கள். மல்டிமீட்டரை எடுத்துக் கடைசி பிக்சலில் வோல்ட்டைப் பாருங்கள்.

இதே தூரத்தில், இதே 6 ஆம்பியரில், 12 வோல்ட் விளக்குகளுக்கு 10.6 வோல்ட் மிஞ்சும், நிறம் கெடாது. பெரிய காட்சிகளுக்கு நான் 12 வோல்ட்டையே பரிந்துரைப்பேன். அதற்கும் ஒரு விலை உண்டு. மின்தடை வைத்த சாதாரண 12 வோல்ட் பிக்சலும் அதே 60 மில்லி ஆம்பியரைத்தான் இழுக்கும்; ஆகவே ஒரு பிக்சலுக்கு 0.3 வாட் என்பது 0.72 வாட் ஆகிறது. மிகுதி வெப்பமாகப் போகிறது, பவர் சப்ளையும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும்.

நீளமான சரத்துக்கு ஒரே முனையிலிருந்து மின்சாரம் தருவதும் பரவலான தவறு. 5 வோல்ட் என்றால் ஐம்பது பிக்சலுக்கு ஒரு முறை, 12 வோல்ட் என்றால் நூறு பிக்சலுக்கு ஒரு முறை இடையில் மின்சாரம் ஊட்ட வேண்டும் என்பது தொடக்கக் கணக்கு. இருட்டில் 30 சதவீத ஒளியே கண்ணுக்குப் போதுமானது; அந்த அளவுக்குக் குறைத்து ஓட்டினால் இடைவெளியைக் கூட்டலாம். ஒயர் வாங்கும்போது தாமிரம் பூசிய அலுமினியத்தைத் தாமிரம் என்று நம்பி ஏமாற வேண்டாம். மின்தடை கணிசமாக அதிகம் என்பதால் மேலே போட்ட கணக்கு அதற்குச் செல்லாது.

ஒரே சரத்துக்கு இரண்டு பவர் சப்ளைகள் என்றால், எல்லா மைனஸும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். பிளஸ் ஒருபோதும் இணையக் கூடாது. இரண்டாவது சப்ளை தொடங்கும் இடத்தில் பிளஸ் ஒயரை மட்டும் வெட்டிவிட்டு, மைனஸையும், நிறக் கட்டளை செல்லும் டேட்டா ஒயரையும் தொடரவிட வேண்டும். மைனஸ் பொதுவாக இல்லாவிட்டால் டேட்டாவுக்கு அளவுகோலே இல்லாமல் போய், விளக்குகள் பைத்தியம் பிடித்ததுபோல் மின்னும்.

டேட்டா ஒயரின் தூரம்

டபிள்யூ.எஸ்.2811 என்ற சில்லு வைத்த பிக்சல் ஒவ்வொன்றும் தனக்கு வந்த சிக்னலைப் புதுப்பித்து அடுத்ததற்கு அனுப்புகிறது. பிக்சலுக்குப் பிக்சல் நெருங்கியிருக்கும் வரை கவலையில்லை. ஆபத்து கன்ட்ரோலரிலிருந்து முதல் பிக்சல் வரை உள்ள வெற்று ஒயரிலும், ஓர் அலங்காரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்திலும்தான். சில மீட்டர்களைத் தாண்டினாலே சிக்னல் சிதையத் தொடங்கலாம். இடையில் ஒரு பிக்சலை எரியவிடாமல், சிக்னலைப் புதுப்பிக்க மட்டும் வைக்கலாம். தோட்டத்தின் மறுகோடிவரை போக வேண்டுமானால், கேட்5 எனும் நெட்வொர்க் கேபிள் வழியே வரும் சிக்னலை வாங்கிப் பிக்சலுக்குத் தரும் டிஃபரன்ஷியல் ரிசீவர் வைப்பதே சரி. அந்தக் கேபிளின் முனை கணினி நெட்வொர்க்கில் செருகுவதைப் போலவே இருக்கும், ஆனால் இங்கே அதில் ஓடுவது நெட்வொர்க் சிக்னல் அல்ல. அதை ரூட்டரில் செருகினால் கருவி பழுதாகலாம். வேறு நிறக் கேபிளை அதற்கென ஒதுக்கிவிடுங்கள்.

ஈ.எஸ்.பி.32 போன்ற சிறு கன்ட்ரோலர்கள் தருவது 3.3 வோல்ட் சிக்னல். 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூ.எஸ்.2812பி சில்லு 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அதை உறுதியாக ‘ஒன்று’ எனப் படிக்கும். மேசைமேல் சோதிக்கும்போது வேலை செய்தது கூரை ஏறியதும் தடுமாறுவதற்கு இந்தச் சிறு இடைவெளி போதும். சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏ.எச்.சி.டி.125 சில்லு மலிவானது. அதைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

ஒரு போர்ட்டில் எத்தனை?

கன்ட்ரோலர் தாங்கும் என்பதற்காக ஒரே போர்ட்டில், அதாவது கன்ட்ரோலரின் ஒரே வெளியீட்டு முனையில், ஆயிரம் பிக்சல்களைக் கோத்துவிடுவார்கள். ஒரு பிக்சலுக்கு 24 பிட் அனுப்ப 30 மைக்ரோ விநாடி ஆகிறது. ஆயிரம் பிக்சலுக்கு 30 மில்லி விநாடி. நொடிக்கு 40 படங்கள் ஓட்ட நினைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 25 மில்லி விநாடிதான். எண்ணூறு பிக்சலுக்கு மேல் போனால் காட்சி தாளத்துக்குப் பின்தங்கும். நான் அறுநூறோடு நிறுத்திவிடுவேன். நடுவில் ஒரு பிக்சல் செத்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் இருண்டுவிடும் என்பதும் ஒரு காரணம்.

விளக்குக் கட்டளைகளை நெட்வொர்க்கில் அனுப்பும் ஈ1.31 முறையில், யுனிவர்ஸ் எனப்படும் ஒரு தொகுப்பு 512 சேனல். ஒரு பிக்சலின் மூன்று நிறங்களுக்கு மூன்று சேனல் என்பதால், அது 170 பிக்சல். பத்தாயிரம் பிக்சலுக்கு 59 யுனிவர்ஸ். நொடிக்கு 40 படம் என்றால் 2,360 பாக்கெட்டுகள். சாதாரண ஈதர்நெட் கேபிளுக்கு இது பொருட்டே இல்லை. வைஃபையில், அதுவும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் மல்டிகாஸ்ட்டாக அனுப்பினால் திணறும். கேபிள் போக முடியாத இடத்தில் காட்சியை இயக்கும் ஃபால்கன் பிளேயர் மென்பொருள் ஓடும் சிறு கணினி ஒன்றை வைத்து, காட்சிக் கோப்பை முன்கூட்டியே அதில் ஏற்றிவிடுங்கள். காட்சி ஓடும்போது தலைமைக் கருவி நேரக் குறிப்பை மட்டும் அனுப்பினால் போதும். வைஃபை அதைச் சுமக்கும். எல்லாக் கருவிகளுக்கும் நிலையான ஐ.பி. முகவரி கொடுத்துவிடுங்கள்.

மழையும் மனித உயிரும்

வெளியில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற பாதுகாப்புக் கருவி வழியாகவே வர வேண்டும். இதில் சமரசம் கூடாது. பவர் சப்ளை ஒவ்வொன்றிலும் இயல்பாகவே சிறிது மின்கசிவு உண்டு. பத்துப் பன்னிரண்டு சப்ளைகளை ஒரே ஆர்.சி.டி.யில் மாட்டினால் கசிவு கூடிக் காரணமின்றித் துண்டிக்கலாம். அப்போது சிலர் ஆர்.சி.டி.யையே கழற்றிவிடுகிறார்கள். குழந்தைகள் ஓடி விளையாடும் ஈரத் தரையில் இதைவிடக் கொடிய தவறு இல்லை. சப்ளைகளை இரண்டு மூன்று ஆர்.சி.டி.களுக்குப் பிரித்துக் கொடுங்கள். சப்ளையின் உலோக உடலுக்கு எர்த் இணைப்பு கட்டாயம்.

பெட்டிக்குள் ஒயர் நுழையும் துளைகள் அடிப்பக்கம் இருக்கட்டும். நுழையும் முன் ஒயர் சற்றுத் தொங்கி மேலேறினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இரவுக் குளிரில் பெட்டிக்குள் வியர்க்கும் நீர் வெளியேறவும் அடியில் ஒரு சிறு துளை வேண்டும்.

ஏணி ஏறுவதற்கு முன்

ஒவ்வொரு அலங்காரத்துக்கும் பிக்சல் எண்ணிக்கை, கன்ட்ரோலர் போர்ட், பவர் சப்ளை, ஃபியூஸ் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதே குறியை ஒயரின் இரு முனைகளிலும் ஒட்டுங்கள். சரத்தில் உள்ள அம்புக்குறி டேட்டா செல்லும் திசை. தலைகீழாகக் கட்டிய சரம் எரியவே எரியாது. மின்சாரம் இருக்கும்போது சரத்தைச் செருகுவதோ பிடுங்குவதோ வேண்டாம், முதல் பிக்சல் போய்விடலாம்.

பிறகு எல்லாவற்றையும் தரையிலேயே பரப்பி இணைத்து, காட்சியில் ஓட்டப்போகும் அதிகபட்ச ஒளியில் வெள்ளை நிறத்தை ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்தியதும் ஒவ்வொரு கனெக்டரையும் ஃபியூஸ் பிடிப்பானையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்பைப் பிரித்து, மறுபடி சாலிடர் செய்து, இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.