மலைப்பாதைக்கு ஒரு கஃபே ரேசர்: பழைய புல்லட்டை மாற்றிக் கட்டும் முறை

தாழ்ந்த ஹேண்டில்பார், பின்னே தள்ளிய ஃபுட்ரெஸ்ட், ஒற்றை சீட் என்ற கஃபே ரேசர் வடிவம் 1950, 60-களில் லண்டனின் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்களிடமிருந்து வந்தது. அவர்கள் ஓட்டியது அகலமான நகரச் சாலை. அதே வடிவத்தை அப்படியே ஊட்டிக்குக் கொண்டுவந்தால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கட்டு வலிக்கும், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும், குன்னூர் தாண்டியதும் இன்ஜின் புகையும். மலையில் ஓடப்போகும் வண்டியை மலைக்காகவே கட்ட வேண்டும். இங்கே சொல்வது 346 சிசி வார்ப்பிரும்பு இன்ஜின், நான்கு கியர், வலது காலில் கியர் உள்ள பழைய புல்லட்டுக்கு. கொடைக்கானலில் ஓட்டுபவர்களுக்கும் இதே கணக்கு ஏறக்குறையப் பொருந்தும்.

முதலில் சேஸ். அதை வெட்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, ஆர்.சி. விவரத்தைத் தயாரிப்பாளர் குறிப்புக்கு முரணாக்கும் மாற்றத்தைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சட்டம் ஒருபுறம் இருக்க, பின் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு அருகே அறுத்து வெல்டிங் வைத்த சேஸ், குழியும் வளைவுமான பாதையில் அந்த வெல்டிங் ஓரமாகவே விரிசல் விடும். எல்லா மாற்றமும் போல்ட்டில் நிற்கட்டும். கழற்றிய சீட், மட்கார்டு, கேரியரைப் பத்திரமாக வையுங்கள். சீட், ஃபோர்க் எதை மாற்றுவதானாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அழகு வேலைக்கு முன் பிரேக். டிஸ்க் வந்த பிந்தைய புல்லட்டின் முன் ஃபோர்க், வீல், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்து மாட்டுவது நல்ல வழி. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் முழு செட்டாகவே கிடைக்கும். தனித்தனியாக வாங்கினால் ஆக்சில், ஸ்பேசர் அளவுகள் ஒத்துப்போகாது. பழைய டிரம் பிரேக்கையே வைத்துக்கொள்வதானால், பிரேக்கை முழுதாகப் பிடித்த நிலையில் பிரேக் ஆர்மும் கேபிளும் 90 டிகிரியை நெருங்க வேண்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு இழுத்தாலும் பலன் குறையும். இரட்டை லீடிங் ஷூ டிரம் (இரண்டு பிரேக் ஷூவும் சக்கரம் சுழலும் திசையிலேயே அழுந்தும் வகை) முன்னோக்கிப் போகும்போது நன்றாகப் பிடிக்கும், ஏற்றத்தில் நிறுத்தி வண்டி பின்னுக்கு உருளும்போது அதன் பிடி மிகவும் தளர்ந்துவிடும். ஆகவே பின் பிரேக் ஒழுங்காக இல்லாத வண்டியை மலையில் ஓட்டாதீர்கள்.

ஹேண்டில்பாரில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். பழைய புல்லட்டில் ஹெட்லைட்டைத் தாங்கும் டூம்தான் மேல் டீ-பிளேட்டாகவும் இருக்கிறது. ஃபோர்க் குழாய்களின் மேல்முனை அதில்தான் இறுகுகிறது. டூமை எடுத்துவிட்டு கிளிப்-ஆன் (ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாக இறுகும் இரு கைப்பிடிகள்) போட வேண்டுமானால் தனி மேல் டீ-பிளேட்டும் ஹெட்லைட் பிராக்கெட்டும் தேவை. கிளிப்-ஆனை டீ-பிளேட்டுக்குக் கீழே மாட்டினால் இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் விரல் மரத்துப்போனால் கிளட்ச், பிரேக் பிடிக்கும் கை தாமதிக்கும். எங்கள் பரிந்துரை: டீ-பிளேட்டுக்கு மேலே கிளிப்-ஆன், இல்லையென்றால் லேசாகத் தாழ்ந்த தட்டையான ஹேண்டில்பார்.

மாட்டியபின் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் டேங்குக்கும் குறைந்தது 10 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு மறுபடி திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். கொண்டை ஊசி வளைவின் நடுவில் வண்டி தானாக முன்னுக்குப் பாய்வது இதனால்தான். கேபிளை வேறு வழியில் கொண்டுபோங்கள், அல்லது அளவெடுத்துப் புதிதாகச் செய்யுங்கள்.

ஃபுட்ரெஸ்டைப் பின்னே தள்ளும்போது வலது பக்கம் கிக்கர் இடிக்கும். அந்தப் பக்க ஃபுட்ரெஸ்ட் மடங்கக்கூடியதாக இருக்கட்டும். கியர் லீவரை ஷாஃப்டில் பின்னோக்கித் திருப்பி மாட்டினால் ஒன்று மேலே, மற்றவை கீழே என்ற வரிசை தலைகீழாகிவிடும். இணைப்புக் கம்பி வைத்தால் பழைய வரிசையே நிற்கும்.

சீட்டுக்கு 3 மி.மீ. ஃபைபர் அடித்தளம், அதன்மேல் 40 மி.மீ. கெட்டி ஃபோம், அதற்கும் மேல் 15 மி.மீ. மெத்து ஃபோம். ரெக்சின் தையல் மேற்பரப்பில் வரக்கூடாது, பக்கவாட்டில் வரட்டும். அடித்தளத்தில் இரண்டு 6 மி.மீ. துளை போடாவிட்டால் ஜூன் மழையில் குடித்த தண்ணீர் ஆகஸ்ட் வரை ஃபோமிலேயே நிற்கும். பின் மட்கார்டை முழுதாக எடுக்காதீர்கள். பெண்ட் பைப்பில் (இன்ஜினிலிருந்து வரும் புகைக்குழாய்) துணிச்சுற்றும் வேண்டாம். இந்த மூடுபனியில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயைத் துரு தின்ன விடும். பழைய பாணிக் கட்டம் போட்ட டயர் படத்தில் நன்றாக இருக்கும், நனைந்த வளைவில் வழுக்கும். வழக்கமான 3.25-19 சாலை டயரே போதும்.

இனி கார்பரேட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான். கோவையில் சரியாக ஓடிய ஜெட் (பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகு) ஊட்டியில் பெட்ரோலை அதிகமாகத் தரும்: கரும்புகை, கரி பிடித்த பிளக், ஏற்றத்தில் திணறல். மெயின் ஜெட் எண்ணை 8 முதல் 10 விழுக்காடு குறைத்தால் சரியாகும். கோவையில் 100 என்றால் ஊட்டியில் 90 அல்லது 92.5.

சிக்கல் அடுத்துதான் வருகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்து கூம்பு ஃபில்டரும் தடையில்லாத சைலன்சரும் போட்டால் காற்று அதிகம் நுழையும். அதற்குப் பெரிய ஜெட் வேண்டும். மலையுயரம் ஜெட்டைச் சிறிதாக்கச் சொல்ல, ஃபில்டர் பெரிதாக்கச் சொல்ல, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி ஊட்டியில் பழைய ஜெட்டிலேயே வண்டி அருமையாக ஓடும். அதை நம்பி மேட்டுப்பாளையம் இறங்கி கோவை நெடுஞ்சாலையில் விரட்டினால், அடர்ந்த காற்றுக்குப் போதுமான பெட்ரோல் இல்லாமல் இன்ஜின் கொதித்து பிஸ்டன் பிடித்துவிடும். அதனால் டூல் பெட்டியில் சமவெளிக்கென்று பெரிய ஜெட் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி மாற்றக் கால்மணி நேரம் ஆகும்.

ஜெட் வேலைக்கு முன் மற்றவை சரியாக இருக்க வேண்டும்: காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பிஸ்டன் மேல் நிலைக்கு வரும் முன் 0.8 மி.மீ. டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிபார்க்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு (வால்வைத் தள்ளும் கம்பி) விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. பிறகு மெயின் ஜெட், அதன்பின் கார்பரேட்டர் ஊசியின் கிளிப், கடைசியாக ஏர் ஸ்க்ரூ என்ற வரிசையில் போங்கள். கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். ஏர் ஸ்க்ரூவை முழுதாக மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். திறக்கத் திறக்கக் காற்று கூடும். சோதிக்க, வெலிங்டன் பக்கமிருந்து ஊட்டி நோக்கி ஏறும்போது மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, அப்படியே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் பீங்கான் வெளிர்பழுப்பு நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் ஜெட்டைப் பெரிதாக்குங்கள், கருப்பாக இருந்தால் சிறிதாக்குங்கள்.

கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட் 16 பல்லிலேயே இருக்கட்டும். வேகத்துக்காக 18 போட்டால் இறக்கத்தில் இன்ஜின் பிடிமானம் குறைந்து முழுச் சுமையும் பிரேக்கில் விழும். அதைத் திரும்ப மாற்றக் கிளட்சையே கழற்ற வேண்டியிருக்கும்.

முதல் ஓட்டம் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை போதும். இறங்கியதும் டிரம்மைத் தொடாமல், அருகே கை நீட்டிச் சூட்டைப் பாருங்கள். கிளிப்-ஆன் போல்ட், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், சைலன்சர் கிளாம்ப், சீட் போல்ட் எல்லாவற்றிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் இரண்டொன்று தளர்ந்திருக்கும். சூடாகும் சைலன்சர் கிளாம்ப் தவிர மற்றவற்றுக்கு உள்ளே நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டு போட்டு, தலையில் பெயின்ட் கோடு இழுத்துவிட்டால் அடுத்த முறை தளர்வு பார்த்தவுடனே தெரியும்.