வெளிநாடு போய் வந்தவருக்கு டைபாய்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும், வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர் ஒருவரும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. புதுச்சேரியிலோ பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்து போகும் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. இந்தப் போக்குவரத்தில் டைபாய்டும், அதன் மருந்துக்கு அடங்காத வகைகளும் கூடவே பயணம் செய்கின்றன.

காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்பவர் தாம் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கிருமி உடலில் புகுந்து பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே காய்ச்சல் தொடங்குவதால், அதற்குள் பயணம் பழங்கதையாகிவிடுகிறது. ஆனால் மருந்தைத் தீர்மானிப்பதே அந்தத் தகவல்தான். 2016ஆம் ஆண்டின் இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலுள்ள ஐதராபாத்தில் (நம் தெலங்கானா ஐதராபாத் அன்று) பரவத் தொடங்கிய வகை, பழைய மருந்துகளுக்கு மட்டுமின்றி, சிப்ரோஃப்ளாக்சசினுக்கும், ஊசியாகப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோனுக்கும் கட்டுப்படாதது. அசித்ரோமைசினும் மெரோபெனெம் போன்ற விலை மிகுந்த ஊசிகளும் மட்டுமே அதற்கு எஞ்சியிருக்கின்றன. பயணிகள் வழியாக அது பிரிட்டனையும் அமெரிக்காவையும் எட்டியது. கடலூரிலிருந்து பாகிஸ்தானுக்குப் போகிறவர் இல்லையே என்று கேட்கலாம். வளைகுடாவின் தொழிலாளர் விடுதிகளில் பல நாட்டவர் ஒரே அறையில் தங்கி, ஒரே சமையலை உண்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எனவே சென்ற நாட்டோடு, தங்கிய இடத்தையும், உடனிருந்த யாருக்கேனும் காய்ச்சல் வந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு மருந்துக்கடையில் நேர்கிறது. இரண்டு நாள் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, காய்ச்சல் குறையாதபோது பரிசோதனைக்குச் செல்வது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். டைபாய்டை உறுதி செய்யும் பிளட் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), மருந்து தொடாத ரத்தத்திலேயே ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் கிருமியைக் காட்டும். ஆன்டிபயாட்டிக் உள்ளே போனபின் அந்த வாய்ப்பும் சுருங்கிவிடும். எந்த மருந்து அந்தக் கிருமியைக் கொல்லும் என்று சொல்வதும் இதே சோதனைதான். பெரியவர்களிடம் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை ரத்தம் எடுப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அளவு குறைந்தால் கிருமி சிக்குவதும் குறையும்.

இதற்குப் பதிலாக வைடால் சோதனை ஒன்றை மட்டும் நம்புவது சரியன்று. 1896இல் வந்த இந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. டைபாய்டு வழக்கமாக உள்ள நம் பகுதியில் முன்பு எப்போதோ வந்த தொற்றும் அதில் ‘பாசிட்டிவ்’ என்று காட்டக்கூடும். மழைக்காலத்தில் இங்கு டெங்குவும், சிறு உண்ணிக் கடியால் வரும் காய்ச்சலான ஸ்க்ரப் டைபஸும் வருவதால், வைடால் தாளை நம்பித் தவறான மருந்தில் ஒரு வாரம் கழிந்துபோகும் ஆபத்து உண்மையானது.

சரியான மருந்து தொடங்கிய பின்னும் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாட்கள் ஆகலாம். மூன்றாம் நாளே பொறுமையிழந்து வேறு மருத்துவரிடம் போய் மருந்தை மாற்றுவதும், காய்ச்சல் விட்டவுடன் மீதி மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிடுவதும் ஒரே அளவு தீங்கானவை. ஆனால் கடும் வயிற்றுவலியோ கறுத்த மலமோ கண்டால் காத்திருக்கக் கூடாது. மூன்றாவது வாரத்தை ஒட்டிக் குடலில் ரத்தம் கசியும், துளை விழும் அபாயம் இந்நோயில் உண்டு.

‘சொந்த ஊர்தானே’ என்று தடுப்பூசியின்றி வருவது, பிரான்சிலிருந்து வரும் குடும்பங்கள் பலரிடம் காணப்படும் தவறு. உறவினரைப் பார்க்க வருபவர்களே, சுற்றுலாப் பயணிகளைவிட இந்நோய்க்கு அதிகம் ஆளாகிறார்கள். உறவினர் வீட்டில் தண்ணீரை மறுக்க யாருக்கு மனம் வரும்? ஆறு மாதக் குழந்தைக்கும் போடக்கூடிய கான்ஜுகேட் (கிருமியின் ஒரு பகுதியைப் புரதத்தோடு இணைத்துச் செய்த) தடுப்பூசியைப் பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். மருந்துக்கு அடங்காத வகைகளையும் அது தடுக்கும், ஆனால் முழுமையாக அன்று. ஆகவே கொதிக்கவைத்த நீர் தேவைதான். முன்பு ஒருமுறை டைபாய்டு வந்தது என்பதை நிரந்தரப் பாதுகாப்பாகக் கருதவும் கூடாது.

குணமானவர்களில் ஒரு சிலரிடம் கிருமி பித்தப்பையில் தங்கி, எந்த அறிகுறியும் இல்லாமல் மலத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். உணவகத்திலோ மெஸ்ஸிலோ சமைப்பவர்கள் உடல் தேறிவிட்டது என்று உடனே வேலைக்குத் திரும்பாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளிகளில் மலப் பரிசோதனை செய்து, கிருமி இல்லை என உறுதியான பின்பே அடுப்படிக்குச் செல்ல வேண்டும்.