சிறிய பட்டறைக்கு முதல் சிஎன்சி மில்: எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மேனுவல் மில், ஒரு லேத், நிலையாக வேலை தரும் சில வாடிக்கையாளர்கள். பிராக்கெட், ஜிக், இயந்திரங்களுக்கான ஒற்றைப் பாகங்கள். இனியும் கையால் திருகிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது, கணினி இயக்கும் சிஎன்சி மில் வேண்டும் என்ற நிலைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலரும் கண்காட்சியில் இயந்திரத்தைப் பார்த்து மயங்கிவிட்டு, அப்புறம்தான் அதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். சிங்கப்பூரில் வரிசை வேறு: முதலில் வேலை, அடுத்து இடம், கடைசியில் இயந்திரம்.

படி 1: பழைய ஆர்டர்களைப் பரப்பிப் பாருங்கள்

கடந்த ஓராண்டு வரைபடங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் உலோகம், நீள அகல உயரம், டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் பிசகு) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாகங்கள் 300 மி.மீ.க்குள் அடங்கினால், எப்போதோ வரும் 700 மி.மீ. தட்டுக்காகப் பெரிய இயந்திரம் வாங்க வேண்டாம். அந்த வேலையை வெளியே கொடுத்துவிடலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அளவுகள்: ஹாஸ் மினி மில்லின் நகர்வு 406 × 305 × 254 மி.மீ.; அதே நிறுவனத்தின் விஎஃப்-2, 762 × 406 × 508 மி.மீ. எக்ஸ், ஒய் இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். காலை வாருவது மேலும் கீழுமாக நகரும் இசட்தான். மேசைமேல் 100 மி.மீ. உயர வைஸ், அதில் 50 மி.மீ. துண்டு, ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) மூக்கிலிருந்து ஹோல்டரும் டிரில்லும் சேர்ந்து 150 மி.மீ., மேலே தூக்க 50 மி.மீ. மொத்தம் 350 மி.மீ. ஆகிவிட்டது. ஆகவே நகர்வை மட்டும் கேட்காமல், ஸ்பிண்டில் மூக்குக்கும் மேசைக்கும் இடையே அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்றும் கேளுங்கள். நாலாவது அச்சு வைக்கும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம்.

படி 2: ஸ்பிண்டில்

அலுமினியத்தை நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகத்தில் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. கட்டருக்குச் சுமார் 9,550 சுற்று வேண்டும், 6 மி.மீ. கட்டருக்கு 15,900. இரும்பை 100 மீட்டர் வேகத்தில் வெட்டினால் அதே 10 மி.மீ. கட்டருக்கு 3,200 சுற்று போதும். 50 மி.மீ. ஃபேஸ் மில் என்றால் 640தான். அங்கே வேண்டியது சுற்றல்ல, முறுக்குவிசை.

அதனால் சின்ன அலுமினியப் பாகங்களே உங்கள் சோறு என்றால், பிரதர் ஸ்பீடியோ போன்ற பிடி30 (ஹோல்டர் கூம்பின் சிறிய அளவு) இயந்திரம் பொருந்தும். எஃகுக் கட்டிகளைச் சீவுபவர் அதைவிடப் பெரிய பிடி40க்குப் போகட்டும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போடும் ரேபிட் வேகம் (வெட்டாமல் நகரும் வேகம்) ஒற்றைப் பாகம் செய்பவருக்குப் பெரிய லாபமில்லை. உங்கள் நேரம் செட்டிங்கில்தான் போகிறது. அந்தப் பணத்தை, துண்டைத் தொட்டு அதன் இடத்தை அளக்கும் ஒரு புரோபுக்குச் செலவிடுவது மேல்.

படி 3: தளம், லிஃப்ட், மின்சாரம்

காக்கி புக்கிட்டிலோ வுட்லண்ட்ஸிலோ அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் இருப்பவர்கள் இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது வாடகை ஒப்பந்தத்திலோ கட்டட வரைபடத்திலோ இருக்கும். சதுர மீட்டருக்கு 7.5 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 765 கிலோ. மூன்றரை டன் இயந்திரம் ஒன்று 5 சதுர மீட்டரை அடைத்தால் சதுர மீட்டருக்கு 700 கிலோ வருகிறது. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். வெட்டும்போது ஊற்றும் கூலன்ட், வைஸ், மேசைமேல் ஏற்றும் உலோகம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. போதாததற்கு எடை முழுக்கச் சில கால்களின் வழியாகத்தான் இறங்குகிறது. கணக்கு இப்படி நெருக்கமாக வந்தால், பதிவு பெற்ற பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து சரக்கு லிஃப்ட். அதன் கொள்ளளவோடு கதவின் உயர அகலத்தையும் டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். சில இயந்திரங்களை மேலே உள்ள மோட்டாரைக் கழற்றினால்தான் உள்ளே கொண்டுபோக முடியும். லாரி நேராக வாசலுக்கே வரும் ராம்ப்-அப் கட்டடமென்றால் இந்தத் தலைவலியில் பாதி குறையும்.

இங்கே மும்முனை மின்சாரம் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானுக்காகச் செய்யப்பட்ட பழைய இயந்திரம் பெரும்பாலும் 200 வோல்ட் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் அதற்கான இடத்தையும் கணக்கில் சேருங்கள். இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். காற்றழுத்தம் பொதுவாக 6 பார் அளவில் தேவைப்படும். நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பிரசரிலிருந்து காற்றோடு தண்ணீரும் வரும், ஆகவே ஏர் டிரையர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அந்த யூனிட் பி1 வகையா (இலகுவான தொழில்) பி2 வகையா (கனமான தொழில்), உலோக வெட்டு வேலைக்கு அனுமதி உண்டா என்பதையும் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 4: கன்ட்ரோலர்

இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர் ஃபனுக்கா, சீமென்ஸா என்று சண்டை போட வேண்டாம். வரைபடத்திலிருந்து வெட்டும் பாதையைத் தயாரிக்கும் உங்கள் காம் மென்பொருளில், அதைக் கன்ட்ரோலருக்குப் புரியும் நிரலாக மாற்றும் சரியான போஸ்ட் பிராசஸர் இருக்கிறதா, இயந்திரம் நின்றுவிட்டால் இங்கேயே இருக்கும் சர்வீஸ்காரர் வருவாரா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் போதும்.

படி 5: பழையது வாங்கினால்

டயல் கேஜ் இல்லாமல் போகாதீர்கள். ஸ்பிண்டிலில் டெஸ்ட் பாரை (துல்லியமான நேர்தண்டு) மாட்டிக் கையால் சுற்றுங்கள். மூக்கருகே 5 மைக்ரான் ஆட்டம் பரவாயில்லை, 300 மி.மீ. தள்ளி 20 மைக்ரானைத் தாண்டினால் விலையைக் குறைத்துப் பேசலாம் அல்லது நடையைக் கட்டலாம். பிறகு கேஜை மேசைமேல் பொருத்தி, அதன் முனையை ஸ்பிண்டிலில் தொட வைத்து, மேசையை 0.01 மி.மீ. படியாக ஒரே திசையில் நகர்த்துங்கள். திசையைத் திருப்பியதும் முள் எத்தனை படி அசையாமல் நிற்கிறது என்று எண்ணுங்கள். அதுதான் பேக்லாஷ். பெயின்ட் பளபளப்பு எதையும் சொல்லாது.

படி 6: பணம்

இயந்திரத்தின் விலையோடு கணக்கை மூடாதீர்கள். ஹோல்டர், கட்டர், வைஸ், மென்பொருள், ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்ந்து விலையில் கால்வாசியாவது வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 9% ஜிஎஸ்டி. எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் மானியத்துக்கு முயல்வதானால், விற்பனையாளருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். பணம் கொடுத்துவிட்டுப் போனால் விண்ணப்பம் நிற்காது. கழிவுக் கூலன்டைச் சாக்கடையில் ஊற்ற முடியாது என்பதால், உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளருக்கான செலவையும் மாதக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். இயந்திரம் உங்கள் தளத்தில் நின்று, லெவல் பார்த்து முடித்தபின், முதல் படியில் எடுத்த வரைபடங்களில் மிகவும் சிக்கலான ஒன்றை அவர்கள் முன்னாலேயே வெட்டச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த ஸ்பிண்டிலில் ஒன்று, ஓடிச் சூடேறியபின் மத்தியானம் ஒன்று. இரண்டும் டாலரன்ஸுக்குள் இருந்தால் கையெழுத்துப் போடலாம்.