கோடைப் பயிற்சி முகாமில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை: பதிவை எப்படி நடத்துவது?

முழுப்பரீட்சை முடிந்ததும் டெல்டா ஊர்களில் சிலம்பம், கபடி, வாலிபால், நீச்சல் என்று கோடை முகாம்கள் களைகட்டிவிடும். திடல் ஊராட்சியுடையது, பந்தும் வலையும் ஊரில் வசூலித்த பணத்தில் வாங்கியவை, ஓடியாடி வேலை பார்ப்பது இளைஞர் மன்றத்துப் பையன்கள். ஆனால் பதிவு தொடங்கிய அன்று காலையிலேயே பக்கத்து டவுன்காரர்கள் பைக்கில் வந்து பாதி இடத்தைப் பிடித்துவிடுவார்கள். உள்ளூரில் நடவு, களையெடுப்பு என்று போகிற அம்மா சாயங்காலம் வந்து கேட்கும்போது இடம் இருக்காது. அப்புறம் என்ன, சண்டைதான்.

உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை கொடுப்பது தப்பே இல்லை. ஆனால் அதை வாய்வார்த்தையாக விட்டால் வேண்டியவர்களுக்கு முன்னுரிமையாக மாறிவிடும். முதல்முறையாக முகாம் நடத்தும் மன்றங்களுக்காகவும் குடியிருப்போர் சங்கங்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பதிவுக்கு ஒரு நீளமான நோட்டும் குலுக்கலுக்கு ஒரு பானையும் இருந்தால் போதும்.

1. முதலில் இடங்களை எண்ணுங்கள்

திடல் எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள். மாஸ்டர் ஒருவரால் எத்தனை பிள்ளைகளைக் கவனிக்க முடியும் என்று அவரிடமே கேளுங்கள். சிலம்பத்தில் கம்பு சுழலும் தூரம் வேண்டும், நீச்சலில் தண்ணீரில் இறங்கியவர்கள் எல்லோரும் கண்ணில் பட வேண்டும். அவர் சொல்லும் எண்தான் உங்கள் எண். 'இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்குங்க' என்று யார் கேட்டாலும் அது மாறக்கூடாது. இந்த விளக்கத்துக்கு 60 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம்.

2. 'உள்ளூர்' என்றால் யார் என்று எழுதுங்கள்

வேலையில் பாதி இதுதான். அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

நம் பக்கத்தில் 'ஊர்' என்று சும்மா சொன்னால் சிலர் மனதில் வருவது ஊர்த்தெரு மட்டும்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியும் ஆற்றங்கரைக் குடியிருப்பும் அதே ஊராட்சியில்தான் இருக்கின்றன. அதனால் 'ஊர்' என்ற சொல்லையே விதியில் போடாதீர்கள். 'இந்த ஊராட்சியின் எல்லா வார்டுகளிலும் இப்போது குடியிருப்பவர்கள்' என்று எழுதி, ஒவ்வொரு குடியிருப்பின் பெயரையும் கீழே குறிப்பிடுங்கள். பெயர் விட்டுப்போனால் பிள்ளைகளும் விட்டுப்போவார்கள்.

அடுத்தது, சொந்த வீடா வாடகையா என்று பார்க்கவே கூடாது. அரிசி ஆலையில் வேலை செய்யும் வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளையும் இங்கே குடியிருந்தால் உள்ளூர்தான். ஆனால் இங்கே பூட்டிய வீட்டை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு திருச்சியில் இருப்பவர்? வீட்டு வரி கட்டுகிறார், திருவிழாவுக்கு வரியும் கொடுக்கிறார். இருந்தாலும் அவர் பிள்ளை வெளியூர்ப் பட்டியலில்தான் வர வேண்டும் என்பது என் கருத்து.

கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. மே மாதம் தாத்தா பாட்டி வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகள் யார்? சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் மகள்கள் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வருவார்கள். சேர்க்காவிட்டால் பெரியவர்களுக்கு மனவருத்தம், சேர்த்தால் உள்ளூர் இடங்கள் கரைந்துவிடும். அவர்களுக்கென்று இரண்டாம் வரிசை ஒன்று வைப்பது நல்லது. வேறு ஊராட்சியில் இருந்தாலும் நம் ஊர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் அதிலேயே சேர்க்கலாம்.

நீச்சலுக்கு மட்டும் எல்லைக்கோடு பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதன்பின் அரசலாறு, வெண்ணாறு, குடமுருட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடும். அக்கரைப் பிள்ளை வேறு ஊராட்சி என்றாலும் இறங்கப்போவது அதே ஆற்றில்தான். நீச்சலில் 'கரையோரக் குடியிருப்புகள், இருகரையும்' என்று முதல் வரிசையை வையுங்கள். ஜூன் பிறப்பதற்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

3. சான்று: ஏதாவது ஒன்று போதும்

பட்டாவைக் கேட்காதீர்கள். டெல்டாவில் எத்தனையோ வீடுகள் கோயில் மனையிலும் மடத்து இடத்திலும் நிற்கின்றன. தலைமுறைகளாகக் குடியிருந்தும் கையில் பட்டா இருக்காது. இருந்தாலும் தாத்தா பேரில் இருக்கும். கரண்ட் பில்லும் அப்படித்தான், வாடகைக்காரர் வீட்டில் அது வீட்டுக்காரர் பேரில் வரும்.

ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், உள்ளூர் பள்ளி அல்லது அங்கன்வாடியில் படிப்பதற்கான அத்தாட்சி, இங்கே குடியிருப்பவரிடம் இவற்றில் எது இருந்தாலும் சரி. எதுவுமே இல்லாதவர்களுக்கு அதே தெருவில் குடியிருக்கும் இரண்டு பேர் நோட்டில் கையெழுத்திட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். 'பார்த்தேன்' என்று நோட்டில் ஒரு டிக், பக்கத்தில் உங்கள் கையெழுத்து. ஆதார் நகல் வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் விவரத்தை கணினியில் சேகரிக்க பெற்றோர் சம்மதம் தேவை என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. படிவத்தின் அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு வரி விடுங்கள். பெயர், வயது, குடியிருப்பு, பெற்றோர் செல் நம்பர், உடம்புக்கு ஏதாவது பிரச்சினை உண்டா, இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

4. விதியைக் கிராம சபையில் வையுங்கள்

ஊராட்சித் திடலில் நடத்துவதாக இருந்தால் தீர்மானமாகவே போட்டுக்கொள்வது நல்லது. மே 1 கிராம சபை வரை காத்திருந்தால் கோடை பாதி போய்விடும். ஜனவரி 26 அல்லது மார்ச் 22 கூட்டத்திலேயே வையுங்கள். டவுனில் என்றால் வார்டு கூட்டத்தில் பேசலாம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையமோ வேறு அரசுத் துறையோ பணமோ பயிற்சியாளரோ கொடுத்தால் அவர்கள் விதிதான் முதலில். அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. பதிவு நாட்கள்

'முதலில் வருபவர்க்கு முதலில்' வேண்டவே வேண்டாம். அது போனும் பைக்கும் உள்ளவர்களுக்கான முன்னுரிமை. ஒரு வாரம் பதிவைத் திறந்து வைத்து, முதல் நாள் வந்தவரையும் கடைசி நாள் வந்தவரையும் ஒன்றாகவே நடத்துங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆன்லைன் படிவம் இருக்கட்டும், ஆனால் அது மட்டுமே வழியாக இருக்கக்கூடாது. அறிவிப்பு ரேஷன் கடை, பள்ளி, டீக்கடை, மகளிர் குழு என்று எல்லா இடத்துக்கும் போகட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

6. குலுக்கலும் அதன் வரிசையும்

60 இடங்களில் 45 உள்ளூருக்கு, 15 எல்லோருக்கும் பொது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் 58 பேர், வெளியூரில் 40 பேர் பதிந்திருக்கிறார்கள்.

எந்தக் குலுக்கலை முதலில் போடுகிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளூர்க் குலுக்கல் முதலில் என்றால் 45 பேருக்கு இடம் கிடைக்கும், மீதி 13 பேர் வெளியூர் 40 பேரோடு சேர்ந்து 15 இடத்துக்குப் போட்டியிடுவார்கள். அதில் ஏறக்குறைய 4 இடம் உள்ளூருக்கு வரலாம், ஆக 49. இதையே மாற்றி, பொது 15ஐ எல்லோரையும் சேர்த்து முதலில் குலுக்கினால் அதில் 9 இடம் போல உள்ளூருக்கே போகும். அப்புறம் மிச்சமிருக்கும் 49 உள்ளூர்ப் பிள்ளைகளில் 45 பேருக்கு ஒதுக்கீட்டில் இடம். மொத்தம் 54, வெளியூருக்கு மிஞ்சுவது ஆறோ ஏழோதான்.

கணக்கு ஒன்று, வரிசை மாறினால் விளைவு வேறு. செலவு முழுக்க ஊருடையது என்றால் இரண்டாவது முறை நியாயம்தான். வெளியூரிலிருந்து நன்கொடை வாங்கியிருந்தால் முதல் முறையே சரி. எதுவானாலும் பதிவு தொடங்குமுன் அறிவித்துவிடுங்கள், பேர்களைப் பார்த்தபின் முடிவு செய்யாதீர்கள். பேரப்பிள்ளைகளின் இரண்டாம் வரிசையைப் பொதுக் குலுக்கலில் சேருங்கள். உள்ளூர் ஒதுக்கீட்டில் இடம் மிஞ்சினால் முதல் உரிமை அவர்களுக்கு.

குலுக்கலை மக்கள் முன்னால் நடத்துங்கள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகளில் (919, 921) குடவோலை எடுக்கும் முறை விரிவாக இருக்கிறது: குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்ல வேண்டும். இதை அப்படியே செய்யலாம், ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஆனால் அதே கல்வெட்டு, வரி கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர் பெயரைத்தான் குடத்தில் போடலாம் என்கிறது. அந்தப் பகுதி நமக்கு வேண்டாம்.

7. பட்டியலும் சிபாரிசும்

இடம் கிடைத்தவர்கள், காத்திருப்போர் இரண்டையும் குலுக்கிய வரிசையில் எண் போட்டு அன்றே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். 'அண்ணே, நம்ம பையன் ஒருத்தன்' என்று போன் வரும், கட்டாயம் வரும். 'பட்டியல் சுவத்துல இருக்குண்ணே, பதினேழாவதா நிக்கிறான்' என்று சொல்லிவிடலாம். சுவரில் எண் இருந்தால் கேட்பவருக்கும் மேலே பேச முடியாது.

மூன்று நாளுக்குள் வந்து உறுதி செய்யாதவர் இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்குப் போகும். முகாம் தொடங்கி இரண்டு நாள் சொல்லாமல் வராதவர்களுக்கும் இதே விதி, ஆனால் முதலில் போன் போட்டுக் கேளுங்கள். வீட்டில் சாவோ காய்ச்சலோ இருக்கலாம்.

கட்டணம் வாங்குவதாக இருந்தால் வெளியூருக்குக் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். இரட்டிப்பாக்கினால் வெளியூரில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். முகாம் முடிந்ததும் படிவங்களைக் கிழித்துப் போடுங்கள். நோட்டை மட்டும் அடுத்த வருடத்துக்கு வையுங்கள்: எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் பதிந்தார்கள் என்று அதில் தெரியும். ஒருவர்கூட வராத குடியிருப்பு இருந்தால், அடுத்த கோடையில் பதிவு மேஜையை அந்தத் தெருவிலேயே போடுங்கள்.