சிறிய விளையாட்டுப் போட்டிகளின் நேரலைக்குச் செலவுத் திட்டம் வகுப்பது எப்படி?

வாள்வீச்சு, வில்வித்தை, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டு ஓடும் ஓரியன்டீரிங் போன்ற போட்டிகளை நேரலையில் காட்ட முனைவோர் பெரும்பாலும் கேமராவின் விலையிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். ஒருமுறை வாங்கிய கேமரா பல ஆண்டுகள் உழைக்கும். ஒவ்வொரு போட்டியிலும் புதிதாகக் கரையும் பணம் ஆட்களுக்கே போகிறது. ஆகவே ஆள்நாட்களை முதலில் எண்ணுங்கள். இரண்டு நாள் போட்டிக்கு நான்கு பேர் என்றால் எட்டு ஆள்நாட்கள் என்று நிறுத்திவிடாமல், முந்தைய நாள் கருவிகளைப் பொருத்திச் சோதிக்க நால்வரும், மறுநாள் படத்தொகுப்புக்கு இருவரும் தேவைப்படுவதைச் சேர்த்தால் அது 14 ஆகிவிடும். பயணச் செலவும் உணவும் தங்குமிடமும் அதற்கேற்பவே ஏறும்.

அடுத்து, களத்தைப் பாருங்கள். வாள்வீச்சுக் களத்தின் நீளம் 14 மீட்டர்தான் என்பதால், பக்கவாட்டில் நிறுத்திய ஒரே கேமரா ஆட்டம் முழுவதையும் காட்டிவிடும். காட்டுக்குள் ஓடும் ஓரியன்டீரிங் வீரர்களைப் பத்துக் கேமராக்களாலும் தொடர முடியாது. அங்கே அவர்கள் அணியும் ஜிபிஎஸ் கருவிகளின் துணையால் வரைபடத்தில் நகரும் புள்ளிகளே போட்டியைச் சொல்கின்றன. சதுரங்கத்தில் உணரி பதித்த பலகை, நகர்த்தல்களைத் தானே கணினிக்கு அனுப்புகிறது. வெற்றியும் தோல்வியும் எங்கே தீர்மானமாகின்றன என்று கண்டறிந்து அதை மட்டும் தெளிவாகக் காட்டுவதே, என் கருத்தில், உண்மையான சிக்கனம்.

இணைய இணைப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நொடிக்கு 6 மெகாபிட் அளவில் அனுப்பும் முழு எச்டி நேரலைக்கு மணிக்கு 2.7 ஜிகாபைட் செலவாகும். எட்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 22 ஜிகாபைட். பதிவேற்ற வேகம் தேவையைப்போல் இருமடங்காவது இருக்கட்டும். காலியான அரங்கில் சோதித்த செல்பேசி இணைப்பு, கூட்டம் நிறைந்ததும் தளர்ந்துவிடும் என்பதால், கம்பிவழி இணைப்பையும் வேறொரு நிறுவனத்தின் மாற்று இணைப்பையும் கணக்கில் சேருங்கள்.

காட்சிகளைக் கலக்க ஓபிஎஸ் என்னும் இலவச மென்பொருளே போதுமானது. அதில் மிச்சமாவதை நல்ல மைக்குக்கும், விளையாட்டின் விதிகளை நன்கறிந்த வர்ணனையாளருக்கும் கொடுங்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கூடக் கரகரக்கும் ஒலியைக் கேட்டால் விலகிவிடுவார். இசை உரிமம், கருவிகளுக்கான காப்பீடு ஆகிய இரண்டும் பட்டியலில் அடிக்கடி விடுபடுகின்றன.

மொத்தத் தொகை கிடைத்ததும் அதைப் போட்டியாளர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பார்ப்பவர்களில் பெரும்பகுதியினர் அவர்களுடைய குடும்பத்தினரும் சங்கத்தினருமே என்பதால், விளம்பர வருவாயை நம்புவதைவிட, அந்தப் பங்கை நுழைவுக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேர்ப்பது உறுதியான வழி.