பவர் சப்ளையின் விசிறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

கணினிப் பெட்டியின் அடிப்பகுதியில், மற்ற பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையைப் பொருத்தும்போது அதன் விசிறியை மேல்நோக்கி வைப்பதா, கீழ்நோக்கி வைப்பதா என்று தீர்மானிக்கும் முன், பெட்டியைச் சாய்த்து அடித்தகட்டைப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே காற்றுத் துளைகளும் தூசி வடிகட்டியும் இருந்து, பெட்டியின் கால்கள் அதைத் தரையிலிருந்து ஓரளவு உயர்த்தி நிறுத்துமானால், விசிறி கீழ்நோக்கியே இருக்கட்டும். பெரும்பாலும் 120 முதல் 140 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள அந்த விசிறி காற்றை உள்ளே இழுத்துப் பின்புறம் வழியே வெளியேற்றுவதால், கிராபிக்ஸ் கார்டு சூடாக்கிய காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்றே அதற்குக் கிடைக்கும். பவர் சப்ளையின் உடலில் அச்சிட்ட பெயர் தலைகீழாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அடியில் துளையே இல்லாத பழைய பெட்டியிலும், தடித்த கம்பளத்தின் மீது வைக்கப்படும் பெட்டியிலும் இவ்வாறு செய்தால் காற்றுவழி அடைபட்டுவிடும் என்பதால், அங்கே விசிறி மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்படி வைத்தபின், கைதவறும் ஒரு சிறு திருகு நேராக விசிறியின் கம்பிவலைக்குள் விழக்கூடும். ஆகவே மற்ற பாகங்களைப் பொருத்தி முடிக்கும்வரை நான் அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து வைப்பேன், மின்சாரம் கொடுக்கும் முன் மறவாமல் எடுத்துவிடுவேன்.

பவர் சப்ளையின் பின்புறத்திலுள்ள நான்கு திருகுத் துளைகள் சமச்சீராக அமைந்தவை அல்ல. பெட்டியில் இரு திசைக்குமான துளைகள் இல்லையென்றால், ஒரு திசையில் மட்டுமே நான்கு திருகுகளும் பொருந்தும்.