‘ஏகமனதாக’ என்று எழுதும் முன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகத்தைச் சில ஆண்டுகள் நான்தான் எழுதினேன். பொதுக் கிணற்றைத் திருத்துவதா, வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகும் பாதைக்குக் கிறவல் போடுவதா என்று ஒருநாள் பேச்சு வந்தது. அதிகம் காணியுள்ள போடியார் முதலில் எழுந்து, பாதைதான் என்றார். “வேறு அபிப்பிராயம் உண்டா?” என்று தலைவர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினேன். வெளியே சைக்கிளை எடுக்கும்போது ஒரு பெரியம்மா, “கிணற்றை நினைத்துத்தானே மகன் வந்தோம்” என்றார்.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது என் தவறு. சங்கம், கோயில் நிர்வாகம், கமக்காரர் அமைப்பு என எங்கும் நடக்கும் தவறும் இதுதான். சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் இதைச் சோதித்தார். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். பார்த்தவுடன் தெரியும் விடை. ஆனால் ஆஷ் முன்கூட்டியே பேசி வைத்த மற்றவர்கள் ஒரே பிழையான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவர்களோடு சேர்ந்து பிழையாயின. கண் தெரியாமல் அல்ல. தனித்து நிற்கப் பலருக்குக் கூச்சம்.

இதைப் படித்துவிட்டு ‘மக்கள் ஆட்டுமந்தை’ என்று பேசுவது அடுத்த பிழை. அதே ஆய்வில் பெரும்பாலான விடைகள் சரியானவை. நால்வரில் ஒருவர் ஒரு தடவைகூட வளையவில்லை. அறையில் இன்னொருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னால் போதும், பிழைகள் ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறைந்தன. விடையை எழுதித் தரச் சொன்னபோதும் குறைந்தன. ஆகவே அந்தப் பெரியம்மாவின் துணிவைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அவருக்கு ஒரு துணைக்குரலும் ஒரு மறைவும் தேவைப்பட்டன.

அதிகாரம் தலைவர் கதிரையில் மட்டும் இருப்பதாக நினைப்பதும் தவறு. பிரெஞ்ச், ரேவன் என்ற இரு உளவியலாளர்கள் 1959இல் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: தண்டிக்கும் வலு, வெகுமதி தரும் வலு, பதவி, அறிவு, ஒருவர் மீதுள்ள மதிப்பு. எங்கள் போடியாருக்குச் சங்கத்தில் பதவியே இல்லை. பெரும்போகத்துக்கு விதைநெல்லும் டிராக்டரும் கடனாகக் கொடுப்பவர் அவர். கடன்பட்டவரை அவர் முகத்துக்கு முன்னால் கையுயர்த்தச் சொல்வது வாக்கெடுப்பு ஆகாது. அவர் நல்ல மனிதர் என்பதால் இது மாறிவிடாது.

‘பதவி வந்தால் யாரும் அப்படித்தான்’ என்று மன்னித்துவிடுவதையும் நான் ஏற்கவில்லை. 1971இல் ஸ்டான்போர்டில் நடந்த போலிச் சிறை ஆய்வை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். காவலராக நடித்தவர்கள் கைதிகளாக நடித்தவர்களைக் கொடுமைப்படுத்தியதால், இரண்டு வாரம் நடக்க வேண்டியது ஆறு நாளில் நிறுத்தப்பட்டது. ஆனால் காவலர் வேடத்தில் இருந்தவர்களைக் கடுமையாக நடக்கும்படி ஆய்வுக் குழுவினரே தூண்டியது பின்னர் ஒலிப்பதிவுகளில் தெரியவந்தது. பதவியோடு அறிவுறுத்தலும் சேர்ந்தே வேலை செய்திருக்கிறது.

கிணற்று விடயத்தை அடுத்த மாதம் மறுபடி எடுத்தோம். போடியாரிடம் முன்பே போய், கடைசியாகப் பேசும்படி கேட்டேன், தயங்காமல் இணங்கினார். எழுதத் தெரியாதவர்களும் இருந்ததால், சீலைத் திரைக்குப் பின்னால் கிணற்றுக்கு ஒன்று, பாதைக்கு ஒன்று என இரண்டு மண்முட்டிகளை வைத்து, ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்தோம். அன்று தேநீரையும் முடிவுக்குப் பிறகே வைத்தோம். முன்பெல்லாம் பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. கொட்டைகளை எண்ணியபோது கிணற்று முட்டிதான் கனத்தது. ‘பெரும்பான்மையாக’ என்று எழுதினேன்.